வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துங்கள்: அடுக்குமாடி வீட்டுக்கான கோடை, குளிர்கால வேலைகள்

அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவரால் சுவரை மாற்ற முடியாது. கூரை அவருடையது இல்லை. ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதும் கட்டியவர் முடிவு செய்ததுதான். ஆனாலும் வீடு கொதிப்பதற்கும் விறைப்பதற்கும் காரணமானவற்றில் மூன்று அவர் கையில் இருக்கின்றன: கண்ணாடி வழியே நுழையும் வெயில், இடுக்கு வழியே போய்வரும் காற்று, வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் ஈரம். இந்த மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு வாங்கிப் பொருத்தும் ஏ.சி.யும் ஹீட்டரும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். அதனால் மெஷினைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று படுக்கையறையில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல். இன்னொன்று வெயில் படாத பால்கனி மூலையில். கோடையில் ஜன்னலை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்ற கேள்விக்கு இரண்டு மீட்டரும் காட்டும் வெப்பநிலை போதும். வெளி வெப்பநிலை உள்ளே இருப்பதைவிடக் குறைந்தால் திறங்கள், கூடினால் மூடுங்கள். 'காற்று வரட்டும்' என்று பகல் 12 மணிக்கு எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பதுதான் அதிகம் நடக்கிற தவறு. அப்போது வருவது அனல். அந்த அனலைச் சுவரும் தரையும் குடித்துவைத்து இரவில் திருப்பித் தரும்.

மலிவான மீட்டர்களில் ஈரப்பதம் 5 முதல் 10 சதவீதம்வரை தவறாகக் காட்டக்கூடும். சரிபார்ப்பது எளிது. ஒரு பாட்டில் மூடியில் அரை டீஸ்பூன் சாப்பாட்டு உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து ஓடக் கூடாது, நனைந்த மணல் மாதிரி இருக்க வேண்டும். அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, ஓர் அறையின் நிழலில் 12 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நின்றுவிடும். உப்பின் இயல்பு அது. மீட்டர் 69 காட்டினால் உங்கள் மீட்டர் 6 குறைவாகக் காட்டுகிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

வீட்டுக்குள் 40 முதல் 60 சதவீதம்வரை ஈரப்பதம் இருந்தால் உடம்புக்கு இதம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல் சொல்கிறது. கைக்குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் அதற்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை: சண்டை கண்ணாடியில்தான்

மாலை வெயில் நேராக விழும் மேற்கு ஜன்னலில் சதுர மீட்டருக்கு 600 வாட் அளவுக்குச் சூடு வந்து மோதும். சாதாரணத் தெளிந்த கண்ணாடி அதில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும். 1.5 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் உள்ள ஒரே ஒரு ஜன்னல் ஏறத்தாழ 850 வாட். அதாவது, கோடை மாலையில் படுக்கையறையில் ஒரு ரூம் ஹீட்டரைப் போட்டுவிட்டு, அதைத் தணிக்க ஏ.சி.யையும் போடுகிறோம்.

திரைச்சீலை போட்டால் போதாதா? போதாது. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து துணியில் பட்டபின் அந்தத் துணியே சூடாகி அறைக்குள் சூட்டை விடுகிறது. வெளிர்நிறத் திரைகூட வந்த சூட்டில் பாதிக்கும் குறைவாகத்தான் தடுக்கும். அடர்நிறத் திரை இன்னும் மோசம். அதே நிழல் கண்ணாடிக்கு வெளியே இருந்தால் முக்கால் பங்குக்கு மேல் வெளியிலேயே நின்றுவிடும். செலவு குறைவு, பலன் அதிகம் என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லச் சொன்னால், மேற்குப் பக்கத்துக்கு வெளிநிழல் என்றுதான் சொல்வோம்.

பால்கனி இருந்தால் வேலை எளிது. 75 சதவீத நிழல் தரும் வலை அல்லது தட்டியைப் பால்கனியின் வெளி விளிம்பில் கட்டுங்கள். கண்ணாடிக்கும் வலைக்கும் நடுவே குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் வலையின் சூடு கண்ணாடிக்கு இறங்கும். வலையின் ஓரத்தை மடித்துத் தைத்து, 30 சென்டிமீட்டருக்கு ஒரு உலோக வளையம் அடித்து, நான்கு பக்கமும் கட்டுங்கள். மேலே மட்டும் கட்டிக் கீழே தொங்கவிட்ட வலை முதல் பலத்த காற்றிலேயே கிழியும். கட்டுவதற்கு வெயில் தாங்கும் கறுப்புக் கேபிள் டை வாங்குங்கள். வெள்ளை டை ஒன்றிரண்டு கோடையில் நொறுங்கிவிடும். உயர்ந்த மாடிகளில் காற்றின் இழுப்பு மிக அதிகம். அங்கே குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியும், கழன்றாலும் கீழே விழாதபடி ஓர் இரண்டாவது கட்டும் இல்லாமல் எதையும் வெளியே மாட்டாதீர்கள்.

மேற்கிலும் கிழக்கிலும் சூரியன் தாழ்ந்து நிற்பதால் ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு அங்கே உதவாது. செங்குத்தான மறைப்புதான் வேண்டும். பூமத்திய ரேகைக்கு வடக்கே உள்ள நாடுகளில் தெற்கு ஜன்னலுக்கு இது தலைகீழ். கோடையில் சூரியன் உயரத்தில் போவதால் சின்ன சன்ஷேடே நிழல் தரும். குளிர்காலத்தில் தாழ்ந்து வந்து உள்ளே வெயில் கொடுக்கும். அந்த ஜன்னலை நிரந்தரமாக மறைத்துவிடாதீர்கள்.

வெளியே எதுவும் மாட்ட முடியாதவர்கள் அடுத்து நாடுவது கண்ணாடியில் ஒட்டும் படலம் (சன் ஃபிலிம்). இதில் ஒரு ஆபத்து உண்டு. இரட்டைக் கண்ணாடியின் உட்புறத்தில் சூட்டை உறிஞ்சும் கருமையான படலத்தை ஒட்டினால், வெயில் படும் நடுப்பகுதி சூடாகி விரியும். சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் குளிர்ந்தே நிற்கும். அந்த இழுபறியில் கண்ணாடி ஓரத்திலிருந்து விரிசல் விடும். கம்பி பதித்த கண்ணாடிக்கும் இதே கதி. கண்ணாடியோடு சேர்த்துத் தெர்மோகோலையோ அட்டையையோ அழுத்தி வைப்பதும் இதே விளைவைத்தான் தரும். படலம் வாங்கும்போது உங்கள் கண்ணாடியின் வகையைச் சொல்லி, அதற்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் குறித்திருப்பதை மட்டும் வாங்குங்கள்.

இரவுக் காற்று

கான்கிரீட்டும் செங்கலும் சூட்டைத் தாமதமாகக் கடத்தும். 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள செங்கல் சுவரின் வெளிப்பக்கம் பட்ட வெயில் உள்பக்கம் வந்துசேர ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். மாலை 4 மணி வெயில் இரவு பத்து மணிக்குத் தலைமாட்டில் வந்து நிற்பது இதனால்தான். கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு நகர்த்துவது காசு செலவில்லாத வைத்தியம். மேற்குச் சுவரில் துணி அலமாரி வைத்தால் அது சூட்டைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ஆனால் குளிர்காலத்தில் அதே அலமாரியின் பின்னால் பூஞ்சை வரலாம். அதைக் குளிர்காலப் பகுதியில் பார்ப்போம்.

வெளியே குளிர்ந்ததும் எதிரெதிர்ப் பக்கத்து ஜன்னல்களைத் திறங்கள், நடுவிலுள்ள அறைக் கதவுகளையும். ஒரே பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள வீட்டில் ஸ்டாண்டு ஃபேனை ஜன்னலிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர்வரை தள்ளி, வெளியே பார்க்கும்படி வைத்து ஓட்டுங்கள். ஃபேன் சூட்டை வெளியே தள்ள, மற்ற ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று வரும். உள்ளே பார்க்கும்படி வைத்தால் அறையின் சூடான காற்றே சுற்றிக்கொண்டிருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனும் இப்படித்தான்: காற்று உள்ளே வர ஒரு வழி திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஓட்டினால், நீர் வற்றிய குளியலறைத் தரைக்குழாய் வழியே சாக்கடை நாற்றத்தை இழுத்துவரும். அதிகம் பயன்படுத்தாத குளியலறையில் வாரம் ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் அந்த வழி அடைபட்டுவிடும். காற்றுக்காக மாடிப்படியின் தீத்தடுப்புக் கதவுக்கு முட்டுக்கொடுக்கவே கூடாது. தீப்பிடித்தால் புகையைப் படிக்கட்டுக்கு வராமல் நிறுத்துவது அந்தக் கதவுதான்.

சீலிங் ஃபேன்

ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, உங்கள் தோலைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன் மோட்டார் சூட்டை மட்டும் சேர்க்கும். இறக்கை தரையிலிருந்து 2.1 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், மேல்தளத்திலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் கீழே. தளத்தோடு ஒட்டி மாட்டினால் இழுக்கக் காற்று கிடைக்காது.

நல்ல ஃபேன் நாளடைவில் மந்தமானால் பெரும்பாலும் பழுதாவது கெப்பாசிட்டர்தான். ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தும் மூன்றின் வேகத்தில் சுற்றும். சில நேரம் கையால் தள்ளினால்தான் கிளம்பும். சுவிட்சை மட்டும் நம்பாமல் அந்த அறையின் எம்.சி.பி.யை (மின்பெட்டியிலுள்ள பாதுகாப்புச் சுவிட்சை) இறக்கிவிட்டு, மேல் கிண்ணத்தைத் திறந்து, பழைய கெப்பாசிட்டரில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். பல ஃபேன்களில் அது 2.5 மைக்ரோஃபேரட். அதே எண்ணுள்ளதையே போடுங்கள். வேகம் கூடட்டும் என்று பெரிய எண் போட்டால் மோட்டார் சுருள் சூடேறிக் கருகும். கழற்றிய கெப்பாசிட்டரின் இரண்டு ஒயர்களையும் ஒன்றாகத் தொடாதீர்கள், அதில் மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு ஒன்று: வெயில் குடித்த தளத்தின் கீழ் தேங்கும் அனலைச் சீலிங் ஃபேன் கீழே இறக்கும். அங்கே இரவில் ஸ்டாண்டு ஃபேனே மேல். உண்மையான தீர்வு மொட்டைமாடியில் வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு. அதற்குச் சங்கத்தை இணங்க வைக்க வேண்டும். பூசியபின் தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது கழுவவும் வேண்டும். உள்ளே செய்வதானால் 50 மில்லிமீட்டர் கண்ணாடிக் கம்பளி (கிளாஸ் வூல்) வைத்த பொய்க்கூரை நல்லது. வெறும் அலுமினிய ஃபாயிலைக் கான்கிரீட்டில் ஒட்டுவது வீண் செலவு. ஃபாயிலின் ஒரு பக்கமாவது 20 மில்லிமீட்டர் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும்.

ஏ.சி.

அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏ.சி. வாங்காதீர்கள். சீக்கிரம் குளிர்த்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க நேரம் கிடைக்காது. அறை குளிர்ந்திருந்தும் பிசுபிசுப்பாக இருக்கும். 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் ஓட்டினால் 23 டிகிரிபோல உடம்பு உணரும். ஒரு டிகிரி உயர்த்தினால் மின்சாரம் 6 சதவீதம் அளவுக்குக் குறையும். 18-இல் வைப்பதால் அறை சீக்கிரம் குளிராது. 24-இல் நிற்க வேண்டியது நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நிழலில் முழுதாக உலர்த்தி மாட்டுங்கள். ஏ.சி. சரியாக வேலை செய்கிறதா என்று நீங்களே சோதிக்கலாம். மிகக் குறைந்த வெப்பநிலையில் வைத்து, காற்று வேகத்தைக் கூட்டி, கால் மணி நேரம் ஓட்டுங்கள். காற்றை இழுக்கும் இடத்தில் ஒருமுறையும் வெளிவிடும் இடத்தில் ஒருமுறையும் அளவெடுங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் நல்லது. குறைந்தால் முதலில் ஃபில்டர், அடுத்து காயிலின் அழுக்கு, அதன் பிறகே கேஸ். கேஸ் பெட்ரோல்போலத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது. செம்புக் குழாயின் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கசிவு பெரும்பாலும் அங்கேதான். அதைச் சரிசெய்யாமல் நிரப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உள்ளே தண்ணீர் சொட்டினால் வடிகுழாயைப் பாருங்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும், நடுவில் தொய்வு கூடாது, நுனி வாளித் தண்ணீரில் மூழ்கக் கூடாது. அவுட்டோர் யூனிட்டை நாலாபக்கமும் மூடிய பால்கனியில் வைத்தால் தான் விட்ட அனலைத் தானே திரும்பக் குடிக்கும். முன்பக்கம் ஒரு மீட்டர் திறந்தவெளி இருக்கட்டும்.

சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. இரண்டு பேர் தூங்கும் மூடிய அறையில் விடியும்போது கார்பன் டை ஆக்சைடு 2,000 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 2,000 பங்கை) தாண்டுவது சாதாரணம். காலையில் தலை கனக்கிறது என்றால், கதவை ஒரு விரல்கடை திறந்து வைத்துத் தூங்கிப் பாருங்கள்.

ஏர்கூலர் வறண்ட காற்றுக்கு மட்டும். வெளி ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும் இடத்தில் அது அறையை நனைக்குமே தவிரக் குளிர்விக்காது. ஓட்டும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது முழுதாக மாற்ற வேண்டும்.

குளிர்காலம்: இடுக்கும் ஈரமும்

காற்று வீசும் நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை வளையும் இடம்தான் ஓட்டை. திரைச்சீலையைக் கட்டிவைத்துவிட்டுச் செய்யுங்கள். கதவின் அடி, சுவிட்ச் பெட்டி, ஏ.சி. குழாய் சுவரில் நுழையும் துளை, சமையலறை எக்ஸாஸ்ட் ஆகியவற்றையும் விடாதீர்கள்.

கீலில் திறக்கும் ஜன்னலுக்கு ஒட்டும் ரப்பர் பட்டை. இடைவெளியை அளக்க, ஒரு மாவு உருண்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சட்டத்தில் வைத்து ஜன்னலை மூடித் திறந்து, நசுங்கிய தடிமனைப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டர்வரை ஆங்கில 'E' வடிவப் பட்டை, ஐந்துவரை 'P' வடிவம், அதற்கு மேல் 'D' வடிவம். ஒட்டும் இடத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின், பட்டையை இழுக்காமல் ஒட்டுங்கள். இழுத்து ஒட்டினால் சில நாளில் சுருங்கி மூலையில் ஓட்டை விழும். தேவைக்கு மேல் தடித்த பட்டை போட்டால் ஜன்னல் சரியாகப் பூட்டாது, கீல் வளையும்.

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் இருப்பது ரப்பர் இல்லை, பள்ளத்தில் ஓடும் பிரஷ் பட்டை. பழையதில் மயிர் படிந்து காற்று தாராளமாக வரும். ஒரு துண்டை உருவி, அடிப்பட்டையின் அகலத்தையும் மயிரின் உயரத்தையும் அளந்து அதே அளவில் புதியது செருகுங்கள். கீழ் ட்ராக்கின் வெளிப்பக்கத்தில் சின்னத் துளைகள் இருக்கும். காற்று வருகிறதே என்று அவற்றைச் சிலிக்கானால் அடைத்துவிடாதீர்கள். மழைநீர் வெளியேறும் வழி அது. அடைத்தால் தண்ணீர் வீட்டுக்குள் வழியும். கேஸ் அடுப்போ ஹீட்டரோ உள்ள அறையில் காற்றுக்கென்று விட்ட துவாரத்தையும் தொடாதீர்கள்.

இனி ஈரம். வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் 5 அல்லது 6 டிகிரிதான் இருக்கும். பழைய இரட்டைக் கண்ணாடியில் 12, 13. உள்ளே ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால் 9 டிகிரிக்குக் கீழான எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். எனவே காலையில் ஒற்றைக் கண்ணாடி நனைந்திருந்தால் ஆச்சரியமில்லை. இரட்டைக் கண்ணாடியும் நனைகிறது என்றால் வீட்டில் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். ஒரு முறை துவைத்த துணியை உள்ளே உலர்த்தினால் மட்டும் இரண்டு லிட்டர் அளவு தண்ணீர் காற்றில் கலக்கும். குளியல், சமையல், மூச்சு எல்லாம் சேர்ந்து நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்குப் பத்து லிட்டர்வரை போகும்.

இதற்கு மருந்து, குளிரிலும் ஜன்னலைத் திறப்பது. காலை, மாலை இருவேளையும் எதிரெதிர் ஜன்னல்களை முழுதாக, ஐந்து நிமிடம் திறந்து மூடுங்கள். 0 டிகிரி வெளிக்காற்று ஈரமாகத் தோன்றினாலும் அதில் நீர் மிகக் குறைவு; 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதமாகிவிடும். சூடு போய்விடுமே என்ற பயம் வேண்டாம். 30 கன மீட்டர் அறையின் காற்றை மொத்தமாக மாற்றி 15 டிகிரி மீண்டும் சூடாக்க 0.15 யூனிட் மின்சாரம் போதும், ஏனென்றால் வீட்டின் சூடு காற்றில் இல்லை, சுவரிலும் தரையிலும் இருக்கிறது. நாள் முழுக்க ஜன்னலை ஒரு கீற்று திறந்து வைப்பதுதான் கெடுதல். அது சட்டத்தையும் பக்கச் சுவரையும் குளிரவைத்து, பூஞ்சை அங்கேயே பிடிக்கும்.

பூஞ்சை முதலில் வருவது வெளிச்சுவர் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும். சூடான காற்று அங்கே போகாது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியையும் கட்டில் தலைப்பலகையையும் 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஒரு சதுர மீட்டருக்குள் இருக்கும் பூஞ்சையை முகக்கவசமும் கையுறையும் போட்டு, சோப்பு நீரால் துடைத்து உலர்த்தலாம். பிளீச்சைக் கழிவறை அமிலத்தோடோ அம்மோனியாவோடோ கலந்துவிடாதீர்கள். வரும் வாயு உயிருக்கு ஆபத்து. காரணத்தைச் சரிசெய்யாமல் மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த குளிரிலேயே திரும்ப வரும்.

சூடாக்கும் சாதனங்கள்

ரேடியேட்டர் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவரோரச் சாதனம்) உள்ள வீட்டில், அதன் வால்வின் 3 என்ற எண் ஏறத்தாழ 20 டிகிரி; ஒவ்வோர் எண்ணுக்கும் 4 டிகிரி ஏறும் இறங்கும். 5-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது, அதிகமாகத்தான் சூடாகும். திரைச்சீலை வால்வை மூடினால், அறை சூடாகிவிட்டது என்று வால்வு ஏமாந்து மூடிக்கொள்ளும். மேற்பகுதி குளிர்ந்தும் அடிப்பகுதி சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. காற்று வெளியேற்றும் திருகைச் சாவியால் கால் சுற்றுத் திருப்பி, 'உஸ்' சத்தம் நின்று தண்ணீர் வரும்வரை கீழே கிண்ணம் பிடித்து, பிறகு திருகை மூடுங்கள். பொது பாய்லர் உள்ள கட்டடத்தில் இதைப் பராமரிப்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், நீரழுத்தம் குறையும்.

மின்ஹீட்டர்களில் ஆயில், ஃபேன், ராட் எதுவாக இருந்தாலும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான். 'குறைந்த மின்சாரத்தில் அதிகச் சூடு' என்று விற்றால் நம்பாதீர்கள். ஹீட் மோடு உள்ள இன்வெர்ட்டர் ஏ.சி. மட்டும் வெளியிலிருந்து சூட்டை எடுத்துவருவதால், மிதமான குளிரில் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் சூடு தரும். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். சுவரிலுள்ள அதற்கேற்ற சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் ஒயரில் அல்ல. அரை மணி ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் உள்பிடி தளர்ந்திருக்கிறது, மாற்றும்வரை ஓட்டாதீர்கள்.

கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ அறை சூடாகட்டும் என்று எரியவிடாதீர்கள். இடுக்கெல்லாம் அடைத்த வீட்டில் கார்பன் மோனாக்சைடு மணமின்றிச் சேரும். கேஸ் ஹீட்டரோ கீசரோ உள்ள வீட்டில் அதற்கான அலாரம் ஒன்று மாட்டுங்கள், முதலில் தூங்கும் அறைக்குப் பக்கத்தில். அதன் சென்சாருக்கும் ஆயுள் உண்டு. மாற்ற வேண்டிய தேதி பின்பக்கம் அச்சிட்டிருக்கும். பட்டனை அழுத்தினால் வரும் சத்தம் பேட்டரியையும் ஒலிப்பானையும் மட்டுமே சோதிக்கிறது என்பதால், அந்தத் தேதி தாண்டியதும் மாற்றிவிடுங்கள்.